பன்னிரண்டு ஏக்கரும் ஒரு சொல்லும்

நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போடும் அந்த அம்மாளுக்குத் 'துருவி' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், அந்தப் பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பாள். கல்யாணமான மறுநாளே, பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த கணவனிடம் கியர்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். மனிதர் ரிட்டயராகியும் விட்டார், பதில் இன்னும் முடிந்தபாடில்லை.

ஊரில் பாதி நிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எல்லாம் காகிதத்தில்தான். ஜன்னலோர மேசை, சாய்வுப் பலகை, மூன்று அளவில் மைப்பேனா, அவ்வளவுதான் அவள் உலகம். எந்த நிலத்தையும் நேரில் மிதித்ததில்லை. சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. குடியிருப்பதும் வாடகை வீடு.

அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது. மலைச்சரிவில் ஒரு தோட்டக் கம்பெனி, அங்கே காலங்காலமாக இருந்த ஆதிகுடிகளை அவர்கள் நிலத்திலேயே கூலிகளாக்கி வைத்திருந்தது. அந்த நிலத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். சட்டசபையில் மேசையைத் தட்டினார்கள், பத்திரிகையில் படம் போட்டார்கள். தட்டுகிறவர்களுக்கு என்ன? எந்தத் துண்டு யாருக்கு என்று எழுதி மாரடிக்க வேண்டியது சர்வேயரும் துருவியும் அல்லவா?

சர்வேயர் கொண்டுவந்த படத்தில் நாற்பத்தொரு குடும்பங்களுக்கு நாற்பத்தொரு துண்டு இருந்தது. நடுவே, நீரூற்றோடு சேர்ந்த பன்னிரண்டு ஏக்கர் மட்டும் பெயரில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"இது யாருது சார்?"

"யாருதும் இல்லம்மா. நாப்பத்தொரு வீட்டுலயும் கேட்டாச்சு. 'எங்களுது இல்ல'ன்னு சத்தியம் பண்ணாத குறை."

"கிழங்கு போட்டிருக்குன்னு குறிச்சிருக்கீங்களே, அது யாரு போட்டது?"

"அதான் எனக்கும் புரியல."

புரியாததை அப்படியே விட்டுவிட்டுச் சர்வேயர் சாப்பிடப் போய்விட்டார். துருவிக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் உரிமை கேட்காத நிலம் அரசுப் புறம்போக்காகிவிடும். அதைக் குத்தகைக்குக் கேட்டுக் கம்பெனி அதற்குள் மனுவே போட்டிருந்தது. ஊற்று கம்பெனி கைக்குப் போனால், கீழே இருக்கிற நாற்பத்தொரு துண்டும் காய்ந்த மண்தான். எது யாருக்கு என்று முடிவாகும் விசாரணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

விடுமுறையன்று காலையில் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் கணவர்.

"ஒரு கேள்வி கேக்க."

"பாவம், யாரோ," என்றார் அவர்.

தான் கோடு போட்ட நிலத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். காகிதத்தில் உள்ளங்கை அகலம் இருந்தது, ஏறி முடிப்பதற்குள் முட்டி கழன்றுவிட்டது. கிழங்குக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது உங்களுதா?"

"ஐயோ, இல்லக்கா!" கொல்லையே ஒரே குரலில் அலறியது.

துருவி விடுவாளா? கேள்வியை மாற்றிப் போட்டாள்.

"சரி, நட்டது யாரு?"

"எல்லாரும்."

"தோண்டறது?"

"வேணுங்கறவங்க."

"காட்டுப்பன்னி வந்தா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒருத்தி மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"'என்னோடது'ன்னு யாரு வாயில வருதோ, அந்த வருஷம் அவங்க வீடுதான்க்கா காவல். வேலி கட்டணும், பன்னிய விரட்டணும், எல்லாம் அவங்க தலையில. அதான் வாயத் திறக்க மாட்டோம். எப்படியும் யாராவது வாய் தவறிச் சொல்லிடுவாங்க, அதுவரைக்கும் ஒரே வேடிக்கைதான். சர்வேயர் ஐயா வீடு வீடா வந்து கேட்டாரா, எங்கள மாட்டிவிடத்தான் யாரோ அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சோம்."

"போன வருஷம் மாட்டினது யாரு?"

அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. கொல்லை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனிதரைக் காட்டினாள். பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரருதான். பன்னி தொடையக் கிழிச்சிடுச்சு."

வேறு என்ன கேட்பதென்று துருவிக்குத் தெரியவில்லை. அது அவளுக்கு அபூர்வம். விஷயத்தை மட்டும் சொன்னாள்: விசாரணையில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து 'என்னோடது' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றோடு நிலம் போய்விடும். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தியும் 'நான் சொல்கிறேன்' என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தத் தொடைக் காயம் நினைவுக்கு வந்ததும், கோபப்படக்கூட முடியவில்லை.

விசாரணை நாளில் அதிகாரியின் அறையில் கால் வைக்க இடமில்லை. கம்பெனி ஆள் முன்வரிசையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் படத்தை மாட்டிவிட்டுத் துருவி ஓரமாக நின்றாள்.

"நடுவுல இருக்கற பன்னிரண்டு ஏக்கர். யாருது?" என்றார் அதிகாரி.

சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள், சிலர் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். 'சொல்லித் தொலைங்களேன்' என்று துருவி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"என்னோடது."

எழுந்து நின்றவள் அந்தக் காயம்பட்டவரின் மனைவி. அவர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு, "என்னோடதுங்க," என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

"இதுக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"உண்டுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். கம்பெனி ஆள் முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீடு பட்டது போதுங்க. அவங்க தனியா காவல் காக்கக் கூடாது. என்னோடதும்தான்."

"என்னோடதும்தான்," என்றாள் இன்னொருத்தி. பிறகு அவள் மாமியார், அதற்குப் பின்னால் இருந்தவர், சுவரோரம் நின்றவர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாற்பத்தொரு வீடும் சொல்லி முடித்தபோது கம்பெனி ஆள் ஃபைலை மூடியிருந்தார்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். "இத எப்படிம்மா எழுதறது? நாப்பத்தொரு பேர் கேட்டா அது வழக்கில்லையா?"

"ஒருத்தரும் இன்னொருத்தர வேண்டாங்கலியே சார். கூட்டுப் பட்டான்னு எழுதுங்க."

சொல்லும்போதே துருவிக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்தவனைத் துரத்துவதற்காகவே ஆட்கள் 'என்னோடது' என்று சொல்வதை இருபத்தாறு வருடமாக அந்த அறையில் கேட்டு வந்தவள் அவள்.

படிவத்தில் மூன்று பெயருக்குத்தான் இடமிருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தொரு பெயரையும் அவளே எழுதினாள். எழுதி முடித்தபோது ஊன்றுகோல்காரர் மெல்ல மேசையருகே வந்தார்.

"என் பேரையும் போடுங்கக்கா."

"உங்க வீட்டுப் பேரு மொதல்லயே இருக்கே?"

"அது அவ பேருல்ல? அவள மட்டும் காவலுக்கு எப்படி அனுப்பறது? உக்காந்துக்கிட்டே பன்னிய விரட்ட என்னால முடியும்."

துருவி ஸ்கேலை வைத்து நாற்பத்திரண்டாவது கோட்டைப் போட்டாள்.