சாத்தக்கூடாத கேட்

நிம்மதியின் விலை வாரத்துக்கு ஐந்நூறு பவுன். நான் நானூற்று இருபதுக்குப் பேசி முடித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். துணி வியாபாரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், ஒப்புக்கொள்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

இங்கிலாந்தில், லெஸ்டர் சந்தையில் திரைச்சீலைத் துணி விற்கிறவன் நான். ஏப்ரலில் என் மனைவி ஜேனிஸுக்கு இதய அறுவை சிகிச்சை. "ஒரு வாரம் அமைதியான இடமா பாத்துக் கூட்டிட்டுப் போங்க. படபடப்பு மட்டும் வரவே கூடாது, இதயம் தாங்காது" என்றார் டாக்டர்.

ஷ்ராப்ஷயர் மலையடிவாரத்தில் ஒரு கல்வீடு பிடித்தேன். ஆப்பிள் மரம், ஜன்னலோரக் கட்டில். எந்த நாற்காலியை எங்கே போட்டு டீ குடிப்பது என்பதுவரை இரண்டு பேரும் மூன்று வாரம் திட்டம் போட்டோம்.

வீட்டுக்காரி மிஸஸ் ப்ராஸரிடம் போனில் கேட்டேன்.

"எண்பது பவுன் சும்மா விட்டுக் குடுக்கிறீங்களே, என்ன குறை? கூரை ஒழுகுதா?"

"ஒழுகல தம்பி. தோட்டத்து நடுவுல ஊர்ப் பாதை போகுது. யார் வேணா நடப்பாங்க, தடுக்க முடியாது. மேட்டுப் பக்கம் ஒரு கேட், சர்ச் பக்கம் ஒரு கேட். ரெண்டும் திறந்தே கிடக்கணும்."

"ஆடு புகுந்துடாதா?"

"அந்தத் தோட்டத்துக்குள்ள ஆடு வராது."

அங்கேயே யோசித்திருக்க வேண்டும். தள்ளுபடி கிடைத்த மயக்கத்தில் யோசிக்கவில்லை.

எங்கள் நாட்டில் பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குள் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கிராமத்துப் பக்கம் போனால், கடந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போ. சாத்தாமல் போனால் ஆடு ஓடிவிடும், பண்ணைக்காரன் ஊரைக் கூட்டுவான். முதல் நாள் மாலை கிராமத்துக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு சர்ச் பக்கமாகத் திரும்பி வந்தேன். உள்ளே நுழைந்ததும் என் கை தானாகவே கேட்டை இழுத்துச் சாத்தியது. சங்கிலியையும் மாட்டியது.

ஜூன் மாதம். ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். ஜேனிஸ் ஜன்னலோரம் படுத்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பத்துக்குச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

கனமான பூட்ஸ். மேட்டுப் பக்கமிருந்து. நடுவில் ஏதோ புல்லில் இழுபடுகிற ஓசை.

"நெவில், தோட்டத்துல ஆளுங்க."

"நடக்கிறவங்கதான். நடந்துட்டுப் போகட்டும். அதுக்குத்தானே எண்பது பவுன் குறைச்சா."

"போகலயே. நிக்கிறாங்க. மூணு பேரு. ஒரு பெட்டி தூக்கிட்டு வந்து... ஒரு மூலை தரையில இழுபடுது."

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. ஆனால் சர்ச் பக்கக் கேட்டருகே நீளமாக, ஓர் ஆள் நீளத்துக்கு, புல் அமுங்கிக் கிடந்தது.

கேட் குலுங்கியது. காற்றில்லை.

மறுபடி குலுங்கியது.

"போகச் சொல்லு நெவில்." அவள் உதடு வெளுத்திருந்தது. கை நெஞ்சைப் பிடித்திருந்தது. "என்னால முடியல..."

வெளியே ஓடினேன். சங்கிலி பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கழற்றினேன். கேட் திறந்தது.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

வலது தோளில் பாரம் இறங்கியது.

அவ்வளவுதான் தெரியும்...

நினைவு வந்தபோது சர்ச் மதிலோரம் நின்றிருந்தேன். சுற்றிலும் இருட்டு. நகக்கண்ணெல்லாம் மண். ஒரு மைல் தூரம் விழுந்தடித்து ஓடி வந்தேன்.

ஜேனிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். அடித்தது. கடிகாரம்போல, அவ்வளவு சீராக.

காலையில் முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள். "நேத்து நீயும் கூடப் போனியே. முன்னாடி, வலது பக்கம். நல்லாத்தான் தூக்கின."

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வலது தோள் கருநீலமாகக் கன்றியிருந்தது.

மிஸஸ் ப்ராஸருக்குப் போன் போட்டேன்.

"கேட்டைச் சாத்திட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு சொன்னாள்: "மேட்டு ஊர்ப் பொணத்தை சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போற வழி தம்பி அது. திறந்து கிடந்தா அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. எப்பவும் மூணு பேர்தான்."

"ஏன் மூணு?"

"எங்க பக்கம் முன் வலது மூலையை வெளியாள் தொடமாட்டான். அது செத்தவங்களோட நெருங்கின சொந்தத்துக்கு."

"எனக்கு யாரும் சாகலயே."



"உன்கூட யாரு தம்பி வந்திருக்கா?"

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டோம். டாக்டருக்கு ஏகத் திருப்தி. இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்ததில்லை என்கிறார். ஜேனிஸ் படுத்ததும் தூங்கிவிடுகிறாள், புரளுவதுகூட இல்லை. நான்தான் மாடிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நடந்துகொண்டே கணக்குப் போடுகிறேன்.

விடுமுறைக்குப் போனவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தியை நானே தோள் கொடுத்துச் சர்ச்சில் விட்டு வந்தாயிற்று. மீதி ஒன்று.

வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.