பூதி உருக்கிய நெய்

பூதிக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலி ஓரத்தில் நின்று அவள் ஆடுகளைத் திட்டினால் எங்கள் வீட்டு நாய் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவள் புருசன் காரி அதற்கு நேர் எதிர். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் குடி அவர்களுடையது ஒன்றுதான்.

காரி செத்தது வேட்டுவன் சேந்தன் விட்ட அம்பில். புதருக்குள் கறுப்புக் கம்பளியோடு குனிந்து தழை ஒடித்தவனைப் பன்றி என்று நினைத்து எய்துவிட்டான். பிணம் வருவதற்கு முன்பே ஆடுகள் பட்டிக்கு வந்திருந்தன. பட்டி வாசலை அடைக்கும் மூங்கில் படலை யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் கட்டியதாக அவள் நினைத்தாள், அவளே கட்டியதாக நான் நினைத்தேன். மறுநாள் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் அவள் விரல் நொந்ததுதான் மிச்சம்.

வழக்குத் தீர்க்கும் நாட்டார் கூடினார்கள். பகை உண்டா, எவ்வளவு தூரத்திலிருந்து எய்தாய் என்று சேந்தனைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கை பிழைத்துப் போனது, அதனால் இவன் சாக வேண்டாம், காரி பேரில் மலையடிக் கோயிலில் அணையாத விளக்கு ஒன்று எரிக்கட்டும் என்று தீர்த்தார்கள். சேந்தன் தன் புன்செய்யை விற்று ஒரு மந்தை ஆடு வாங்கிக் கோயிலுக்கு விட்டான். அந்த ஆடுகளை வளர்த்து விளக்குக்குத் தினமும் நெய் அளக்க ஓர் இடைக்குடி வேண்டுமே. இருந்தது பூதி ஒருத்திதான். அவள் தலையிலேயே கட்டினார்கள். பெரிய மனிதர்களின் நியாயம் அப்படித்தான் நேராகப் போய் யார் காலிலாவது இடிக்கும்.

அவள் கடைந்தாள், உருக்கினாள், கொண்டுபோய் ஊற்றினாள். மழை பொய்த்த வருசம் ஆடுகளின் மடி வற்றியது. ஒருநாள் சாயங்காலம் நெய்ச் சட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எம் புருசனக் கொன்னவன் பாவம் கழியுறதுக்கு நான் எதுக்குடி நெய் உருக்கணும்? அணையட்டும். பழி அவன் தலையிலயே ஏறட்டும்."

விளக்கு அணைந்தால் நாட்டார் உன்னையும் சும்மா விடமாட்டார்கள் என்றேன். கேட்டால்தானே. அவள் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சேந்தன் தழைக்கட்டோடு வந்து நின்றான். மடி வற்றிய சேதி அவன் காதுக்கும் போயிருக்கிறது.

"ஒன் தல தப்பணும்னு தழை சொமந்துட்டு வர்றியாக்கும்" என்றாள் பூதி.

"ஆமா தாயி" என்றான். அந்த நேர்மையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

தழைக்கட்டை இறக்கிப் போட்டான். பூதி அவிழ்க்கப் போனவள், முடிச்சில் விரலை வைத்ததும் நின்றுவிட்டாள். அன்று அவள் விரலை நோகவைத்த அதே முடிச்சு.

"அன்னிக்குப் படலக் கட்டுனது நீயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்பு பட்டுக் கெடக்கயில அவருதான் சொன்னாரு தாயி. இருட்டுறதுக்குள்ள ஆட்டப் பட்டியில சேத்துரு, பூதி தனியா அலைவான்னாரு. அதுக்கு மேல பேச்சு வரல. ஆட்ட ஓட்டியாந்து அடைச்சுட்டுத்தான் நாட்டார்கிட்ட போனேன்."

"சபையில ஏன் இத சொல்லல?"

"யாரும் கேக்கல."

பூதி அழுதாள். பிணம் வந்த அன்று கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைப் போகச் சொன்னாள். அவனை அவள் மன்னிக்கவில்லை. சாகும்வரை அவனோடு வேறு பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை.

நெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் கூடப் போனேன். திரி சுருங்கி, சுடர் அணையப் போகிற நிலையில் இருந்தது. நெய்யை ஊற்றி, திரியைத் தூண்டிவிட்டு, வீட்டில் புருசனிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"ஆடெல்லாம் வந்து சேந்துருச்சுய்யா."