ராஹிலா போட்ட எக்ஸ்பிரஸ்

காயல்பட்டினத்தில் கால்பந்தாட்டப் பைத்தியம் பிடிக்காத வீடு கிடையாது. அந்தப் பைத்தியத்தில்தான் என் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. நான் சாத்தான்குளத்துக்காரன், பெயர் பாலகணேஷ். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு, கூடவே பந்தாட்டக்காரர்களின் படம் அச்சடித்த கார்டு வியாபாரம். அந்தக் கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து அமெரிக்காவில் உள்ள ஒரு கம்பெனிக்கு அனுப்பி வைப்பேன். அவர்கள் மூலை மழுங்கியிருக்கிறதா, முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தருவார்கள். பத்து வாங்கிய கார்டை விலைக்குக் கேட்க உலகமே வரும். ஐந்து வாங்கிய கார்டை மச்சினன்கூட வாங்க மாட்டான்.

ராஹிலா எனக்குப் பழக்கமானது அவள் தைக்கும் புர்காக்களுக்கு விலைப்பட்டியல் அடிக்க வந்து வந்துதான். வாய்த்துடுக்கு உண்டு. பிரிண்டரில் மை கொஞ்சம் மங்கினாலும், "அண்ணாச்சி, இது விலையா, வேண்டுதலா? ஒன்னுமே தெரியல" என்பாள். இந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணமானால் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ராஹிலாவின் மாப்பிள்ளை முஜாஹிதும் வந்தான். வந்த வேகத்தில் துபாய்க்குப் போய்விட்டான். அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை, ஒரு பீரோ, பீரோ நிறையச் சட்டை, எல்லாம் இருக்கிறது. ஆள் மட்டும் லீவுக்கு வரும் விருந்தாளி.

அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சம்பளம் வந்ததும் முஜாஹித் கடையில் ஒரு கார்டு பாக்கெட் வாங்குவான். வீடியோவில் பாக்கெட்டுகளை வரிசையாகக் காட்டுவான். எதைப் பிரிப்பது என்று ராஹிலா சொல்ல வேண்டும். அப்படி அவள் கை காட்டிய ஒரு பாக்கெட்டில்தான் அந்தத் தங்கநிறக் கார்டு விழுந்தது. பெரிய ஆட்டக்காரர் ஒருவர் ஆட வந்த முதல் வருஷத்துக் கார்டு. பத்து வாங்கினால் காயல்பட்டினத்திலேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிடலாம். முஜாஹித் அன்றைக்கே சொல்லிவிட்டான், "இது பத்து வாங்கட்டும், நான் பெட்டியக் கட்டிருதேன்." துபாயில் ஆறு பேர் படுக்கும் அறையில் அதை வைத்திருக்க பயந்து, லீவில் வந்த ஓர் ஆளிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினான்.

சென்ற ஆடியில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த சாயங்கால நேரம், ராஹிலா அந்தக் கார்டோடு வந்தாள்.

"அண்ணாச்சி, எக்ஸ்பிரஸ் போடுங்க."

எக்ஸ்பிரஸ் என்றால் சில வாரங்களில் மார்க் வந்துவிடும், கட்டணம் கண்ணைக் கட்டும். எகானமி மலிவு, ஆனால் அரை வருஷத்துக்கு மேல் இழுக்கும். அது விலை குறைந்த கார்டுகளுக்கு. காசைத் தண்ணீராக இறைக்காதே என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான். முதலில் பார்ப்போம் என்று அவள் கொண்டுவந்த காகித உறையைப் பிரித்தேன். குப்பென்று சாம்பிராணி வாசம்.

விளக்கில் சாய்த்துப் பிடித்தேன். தங்கநிறத்தின் மேல் புகை படிந்து மங்கலாக இருந்தது. துடைத்தால் கீறல் விழும்.

"எங்க வச்சிருந்த?"

"பீரோவுல, அவங்க சட்டைக்கு நடுவுல. பிளாஸ்டிக்கோட வச்சா கடல்காத்துக்கு வேர்த்துப் பூசணம் புடிக்கும்லா, அதான் உருவி வச்சேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் புகை போடயில அந்தச் சட்டைக்கும் காட்டுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இது பத்து வாங்காது, ஆறு வந்தாலே பெரிய விஷயம், எகானமி போதும் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கார்டை வாங்கி உறைக்குள் திரும்ப வைத்தாள்.

"அப்போ எகானமியே போடுங்க. மெதுவா வரட்டும். அதுவரைக்கும் வாரேன் வாரேன்னு சொல்லிட்டாவது இருப்பாங்க."

வாய்த்துடுக்குக்காரி இப்படிப் பேசினால் கேட்க முடியவில்லை. "அவன்கிட்ட மறைக்காத, இப்பவே சொல்லிரு" என்று அதட்டினேன். நானும் பேச வேண்டியிருக்கும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். சலாம் சொல்லி, மூச்சு விடாமல் நடந்ததை ஒப்பித்தாள். அப்புறம் முஜாஹித் கேட்டான்.

"ஏளா, நான்தான் இங்கன கெடக்கேனே. போடாத சட்டைக்கு எதுக்குப் புகை காட்டுத?"

"போட ஆளில்லாததுனாலதான். பூட்டின பீரோ வாசம் எனக்குப் புடிக்கல."

பிறகு மெல்லக் கேட்டான், "கார்டுல வாசம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அனுப்பாத. ஊர்லேருந்து யாரும் வந்தா எனக்குக் குடுத்து விடு. நான் வச்சிக்கிடுதேன்."

இதைக் கேட்டதும் எனக்கே மனசு இளகிவிட்டது. ராஹிலாவும் உருகிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"வாசம் போதும்னா சாம்பிராணி துபாய்லயே கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கிடுங்க. எனக்கு ஆள் வேணும். கார்டு பத்து வாங்குனாத்தான் வருவேன்னா, நான் யாருக்குப் புகை காட்டிட்டு இருக்கேன்?"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எக்ஸ்பிரஸே போடுங்க, அண்ணாச்சி. அஞ்சு வந்தாலும் சரி, சீக்கிரம் வரட்டும். அவங்க சொல்லுத காரணத்துல ஒன்னாவது தீரட்டும்."

வீண் செலவு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு எக்ஸ்பிரஸில் பதிந்தேன்.

ஐந்துதான் வந்தது. வாங்கிப்போக வந்தவள் மார்க்கைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டாள். முஜாஹித் அவளோடு தினமும் பேசுகிறானாம், அந்தப் பேச்சுக்குப் பிறகு கார்டைப் பற்றி எடுப்பதே இல்லையாம். கடை இல்லாவிட்டாலும் வருகிறேன் என்று ஒருநாள் அவனாகவே சொன்னானாம். கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எப்போ வாரானாம்?"

"முதலாளி கணக்கு முடிச்சு விடணும், பதிலுக்கு ஆள் வரணும், டிக்கெட் விலை எறங்கணும். வாரேன்னுதான் சொல்லுதாங்க." புர்காவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கியவள் நின்றாள். "ஆளுக்கும் இப்படி ஒரு எக்ஸ்பிரஸ் இருந்தா, நான் என்னைக்கோ பணம் கட்டிருப்பேன், அண்ணாச்சி."