பிளக் கேட்டு நின்ற பெண் வீட்டார்

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மின்சாரக் கார் வாங்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. புஞ்சாக் ஆலாமில் ஒரு பேராசிரியர் வெளிநாடு போகிறார், பல வருடம் ஓடிய தன் காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நானாகவே போய் ஓட்டிக்கொண்டு வந்தேன். சத்தம் போடாத காரைப் பார்க்கத் தோட்டமே வந்தது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் போனட்டில் காதை வைத்துக்கூடக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமை ஒரு வருடம் தாங்கியது. பிறகு காரின் திரை மெதுவாக விழிக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திய உடனே வெளிச்சம் வரும். இப்போது வெகுநேரம் கறுப்பாகவே கிடந்தது. அதற்குள் என் மனைவி தலை சீவிப் பின்னலே போட்டுவிடுவாள். சில நாள் திரை வந்ததும் மஞ்சள் விளக்குகள் ஏழெட்டு எரிந்து, தாமாகவே அணைந்தன. ஓடும் தூரமும் சுருங்கியது. முழுக்க சார்ஜ் ஏற்றினால் நூற்று அறுபது கிலோமீட்டர் காட்டிய கார், நூற்றுப் பத்தில் வந்து நின்றது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்து பார்த்தேன். காரின் பின்பெட்டியில் கிடந்த குடை, செருப்பு, தண்ணீர் போத்தல் எல்லாவற்றையும் இறக்கினேன். ஏர்கோனுக்குத் தடை போட்டேன். தினமும் நூறு சதவீதம் ஏற்றி, ஆபீஸ் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வெயிலில் நிறுத்தினேன். எதுவும் உதவவில்லை.

என் மனைவிக்கு ஒரு தங்கை. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். திரை விழிக்கத் தாமதமானால் போனட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். காரே ஒரு பேட்டரி, அதற்குள் இன்னொரு பேட்டரியா என்று நான் சிரித்தேன். அவள் தேநீரைக் குடித்தாள்.

அவளுக்கு சுங்கை பஞ்சாங்கில் ஒரு வரன் வந்தது. அவர் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர், பழுதும் பார்ப்பவர். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் போய்விட்டார்கள். அன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். மாமனார், மாமியார் இல்லாததால் பெண் வீட்டுப் பெரிய மனிதன் நான்தான். பெரிய மனிதன் தன் காரில் போய் இறங்குவதுதானே முறை? பஸ்ஸில் போகலாம் என்ற மனைவியின் யோசனையை நான் காதிலேயே வாங்கவில்லை.

புறப்படும்போது நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. வழி எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். தஞ்சோங் காராங் தாண்டியபோதே அந்த எண் சாலையைவிட வேகமாகக் கீழே ஓடியது. செகிஞ்சானில் ஏர்கோனை அணைத்தேன். இருபுறமும் வயல், நடுவில் எதிர்க்காற்று, பின்னால் பட்டுப் புடவையில் இரண்டு பெண்கள். மனைவி ஜன்னலை இறக்கினாள். காற்று இழுக்கும், ஏற்று என்றேன். அவள் ஏற்றிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். சுங்கை பெசாருக்குப் பிறகு திரை எண்ணைக் காட்டுவதையே நிறுத்திவிட்டு மூன்று கோடுகளை மட்டும் போட்டது. அந்தக் கோடுகளை நம்பித்தான் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தொட்டோம்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கை கூப்பி நின்றார். நான் வணக்கம் சொன்னேன். அடுத்து என் வாயிலிருந்து வந்தது, "அம்மா, வெளிய பிளக் ஏதும் இருக்குங்களா?"

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இருக்கு தம்பி. மொதல்ல உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றார். என் மனைவி தரையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கொட்டகையிலிருந்து நீளமான ஒயரை இழுத்து வந்து செருகிக் கொடுத்தார். வீட்டுக் கரண்டில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஏறும், திரும்பிப் போகும் அளவுக்கு ஏற ஏழு மணி நேரமாவது ஆகும் என்று நான் தயங்கிச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு வந்த சம்பந்தம் மதியச் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்தோம். தெரிந்த விஷயம் எல்லாம் பேசியாயிற்று. மாப்பிள்ளை எழுந்து காரைப் பார்க்கப் போனார். சற்று நேரத்தில் என் கொழுந்தியாளும் கை கழுவப் போகிறவள் போல எழுந்து போனாள். கால் மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தால், போனட் திறந்திருக்கிறது. பட்டுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மீட்டர் பிடிக்கிறாள். அவர் கைவிளக்கு பிடிக்கிறார்.

"மாமா, இங்க வாங்க" என்றாள். "சின்ன பேட்டரி செத்துக்கிட்டு இருக்கு. திரைக்கு உயிர் குடுக்கறது இதுதான். இத்தன நாளு நீங்க கார திட்டிக்கிட்டு இருந்தீங்க."

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை மாப்பிள்ளை சுரண்டித் துடைத்தார். பிறகு நாலு டயரையும் அளந்து, நாலிலும் காற்று குறைவு என்றார். "அண்ணே, நெல்லு மிஷினுக்குக்கூட நான் வாரம் ஒருவாட்டி காத்து பாக்கறேன் லா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கோ குத்தியது.

பெரிய பேட்டரி என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு வயதாகிவிட்டது, குறைந்துபோன தூரம் முழுசாகத் திரும்பாது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் காய வைத்தது யார் என்றும் கேட்டாள். நான் வயல் பக்கம் பார்த்தேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் அவர்கள் கொட்டகையில்தான் இருந்தார்கள். காரைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து என் மனைவியிடம் சொன்னாராம். சாயங்காலம் நாங்கள் புறப்பட்டபோது, பெண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று நான் பெரிய மனிதனாகத் தொண்டையைக் கனைத்தேன். "கேக்க வேணாம் மாமா" என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

மறுநாளே சின்ன பேட்டரியை மாற்றினேன். திரை இப்போது பொத்தானை அழுத்தியதும் வந்துவிடுகிறது. காற்றடித்ததில் தூரமும் கொஞ்சம் கூடியது. சார்ஜை எண்பது சதவீதத்தோடு நிறுத்தி, காரைச் செம்பனை நிழலில் விடுகிறேன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் அது போதும். சுங்கை பஞ்சாங்கில் நடந்த கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனோம். அதை முடிவு செய்தவள் என் மனைவி. நான் வாயே திறக்கவில்லை.