ஜாஹிதாவுக்கு வந்த வலிப்பு

ஒருகாலத்தில் டச்சுக் கப்பல்கள் வந்து நின்ற பழவேற்காட்டில், 1954-ல், ஜாஹிதா பின்னிய பனையோலைப் பெட்டிகளுக்குத் தனிப் பேர் இருந்தது. சாயம் ஏற்றிய ஓலையில் அவள் போடும் கட்டங்கள் மதராஸ் கடைகள்வரை போயின. அவளுடைய அத்தா மொய்னுதீனுக்கு வேறு வருமானம் கிடையாது.

தன் மகள் கல்யாணத்துக்குப் பெட்டி சொல்ல வந்த நசீம் பானு ஒருநாள் கேட்டாள்: "உன்னை எங்க தம்பிக்குக் கேட்டோம். வலிப்புன்னு உங்க அத்தா சொல்லிட்டாரு. இப்ப எப்டிக்கீது?"

ஜாஹிதாவுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

நாஷ்டா தின்றுகொண்டிருந்த அத்தாவிடம் போய்க் கேட்டாள்.

"ஆமா, கேட்டு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ போயிட்டா இந்த ஊட்ல அடுப்பு எப்டி எரியும்? இனிமே உன்னை யாரு கேக்கப்போறாங்க? போய் ஓலைய எடு."

அவள் எடுக்கவில்லை. பல நாள் ஓலை கிழிக்கும் கத்தியைக்கூடத் தொடவில்லை.

மகளுக்கு நோய் முற்றிவிட்டதென்று மொய்னுதீன் பள்ளிவாசலில் சொன்னார். தெருப் பெண்கள் தாயத்தோடு வந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று ஜாஹிதா கத்தினாள். கத்தியதும் அவளைக் கீழே அமுக்கி, உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அழுத அழுகைக்கும் நோயே காரணமானது.

தான் நன்றாக இருப்பதை ஊருக்குக் காட்ட அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாள் காலை வாசலில், எல்லோரும் பார்க்க, ஓலையைக் கிழித்துப் பின்ன உட்கார்ந்தாள்.

மொய்னுதீன் பக்கத்தில் வந்து நின்று, பெட்டி மூடியைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார்.