மகளின் கைபேசியில் முத்துக்கருப்பன் சார் தேடியது

முத்துக்கருப்பன் சாரின் மனைவி பாண்டியம்மாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் கணினி அறையில் ஒன்பதாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், அவுக போயிட்டாக. காபி கொண்டுபோயி எழுப்புறேன், எந்திரிக்கல" என்றார். குரலில் அழுகை இல்லை. "ஸ்கூல்ல சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்லிருங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். நான் பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்து, தலைமையாசிரியர் அறைக்கு நடந்தேன்.

எங்கள் உச்சிப்புளிப் பள்ளியில் முத்துக்கருப்பன் சாரிடம் ஓடப் பழகியவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நினைவிருப்பது அவருடைய தொண்டையாகத்தான் இருக்கும். தலைக்கு மேல் கடற்படை விமானம் போனால் நாங்களெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அவர் நிறுத்தமாட்டார். அந்த இரைச்சலுக்கும் மேலே, "மூச்ச விடுலே! மொதல்ல மூச்ச விடு, காலு தானா வரும்!" என்று மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலில் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கணினி என்றால் அவருக்கு ஆகாது. உடற்கல்வி மதிப்பெண்களைத் தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்துவிடுவார். "நீங்களே ஏத்திருங்க டீச்சர். அந்த அம்புக்குறி எனக்கு அடங்க மாட்டேங்குது" என்பார். ஒருமுறை நான் வற்புறுத்தி உட்காரவைத்தேன். மவுஸை அவர் குண்டெறிதலின் இரும்புக் குண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். அம்பு திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மேசை தீர்ந்துபோகும்வரை தள்ளினார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

சாருக்கும் அக்காவுக்கும் ஒரே மகள், தேன்மொழி. மதுரையில் விடுதியில் தங்கிச் செவிலியர் படிப்புப் படித்தாள். போன வருடம் பொங்கல் விடுமுறைக்கு வந்து, கரும்பு தின்று, அம்மாவோடு ராமநாதபுரம் போய்ச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அந்த மாதமே விடுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அவள் எதுவும் எழுதிவைக்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் மாலைகூட அப்பாவுக்குப் பேசியிருக்கிறாள். "என்ன கேட்டான்னா, 'சாப்டியா அய்யா'ன்னுதான் கேட்டா. நல்லாத்தான் பேசுனா" என்று துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சார் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய பெட்டி வந்தது. அதில் கைபேசியும் இருந்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. எப்படி உடைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்னேற்றிப் பார்த்தால் திரையில் வெளிச்சம் வந்தது, படம் தெரிந்தது. ஆனால் விரல் வைத்தால் எதுவும் அசையவில்லை. சார் அதை ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். திரையை மாற்றிவிடலாம், விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு நாளில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். அவர் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "எம்புள்ள போட்டோ, பேச்செல்லாம் உள்ள இருக்கு டீச்சர். கண்டவனும் பாக்கவா? எங்கையாலயே தொறக்கணும். அதுக்கு வழி இருக்கா?"

வழி இருந்தது. ஓடிஜி என்று ஒரு சின்ன இணைப்பான் உண்டு. ஒரு முனை கைபேசியில் நுழையும், மறுமுனையில் மவுஸைச் செருகலாம். நான் ஆய்வகத்திலிருந்த ஒரு மவுஸை அப்படி மாட்டினேன். நொறுங்கிய கண்ணாடிக்குள் ஒரு சின்ன அம்பு தோன்றியது. மவுஸை அசைத்தால் அம்பு அசைந்தது. சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மகள் இறந்தபின் அவர் முகத்தில் உயிர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் திரையில் ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன. அவற்றைக் கோட்டால் சரியான வரிசையில் இணைத்தால்தான் பூட்டுத் திறக்கும். அந்தக் கோடு எங்களுக்குத் தெரியாது. விடுதித் தோழிகளைக் கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை.

என் கைபேசியில் மவுஸை மாட்டி அவருக்குப் பழக்கினேன். பொத்தானை அழுத்தியபடியே இழுக்க வேண்டும், விட்டால் கோடு அறுந்துவிடும். இந்த வயதில் அந்தக் கனத்த கை அதைக் கற்றது. பிறகு மவுஸை வீட்டுக்கு எடுத்துப் போனார். பள்ளி விட்டதும் நேரே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்காருவாராம். மகள் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் முதலெழுத்து, அவள் பிறந்த தேதியின் எண்கள் என்று தோன்றியதையெல்லாம் வரைந்து பார்ப்பார். சில முறை தவறினால் கைபேசி காத்திருக்கச் சொல்லும். தவறத் தவறக் காத்திருக்கும் நேரமும் கூடும். அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பேட்டரி தீர்ந்தால் மவுஸைக் கழற்றிவிட்டுத்தான் மின்னேற்ற முடியும். அது ஏறும்வரையும் அங்கேயே இருப்பார்.

பள்ளிக்கு வந்தாலும் மைதானத்தில் ஓரமாக நின்றார். பிள்ளைகள் தாங்களாகவே ஓடிவிட்டு, தாங்களாகவே வகுப்புக்குப் போனார்கள். சட்டை தோளில் தொங்கியது. நான் சொல்லிப் பார்த்தேன்: "விட்டுருங்க சார். உள்ள ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்."

"ஒண்ணும் இல்லாம ஒரு புள்ள சாகுமா டீச்சர்?" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் பாண்டியம்மாள் அக்கா என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். போனேன். சார் மேசையில் இருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "'ப' போடுங்க. மேலருந்து கீழ எறக்கி, குறுக்க இழுத்து, மேல ஏத்தி, கடைசில நடுவுல கொண்டுவந்து நிப்பாட்டுங்க."

சார் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"லீவுக்கு வந்தா எம் பக்கத்துலதான படுக்கும். எத்தன தடவ பாத்திருக்கேன்."

"இம்புட்டு நாளா ஏன் பாண்டி சொல்லல?"

"நம்மளத் திட்டி எதாச்சும் இருந்துச்சுன்னா நீங்க தாங்குவியளா? அதான் பயந்து கெடந்தேன். இப்பத் தொறக்காமலே செத்துப்போவிக போல இருக்கு. தொறந்து தொலைங்க."

அவர் பொத்தானை அழுத்தி இழுத்தார். முதல் முறை கோடு பாதியில் அறுந்தது. இரண்டாம் முறை திறந்துகொண்டது.

அன்றும் அடுத்த சில மாலைகளிலும் நானும் கூட இருந்தேன். எப்படித் திறப்பது, எப்படிப் பின்னால் வருவது என்று நான் சொல்லச் சொல்ல, அம்பை அவர்தான் நகர்த்தினார். விடுதி இட்லியின் படம். பாடக் குறிப்புகளின் படங்கள். தோழிகளின் கேலிப் பேச்சு. புதுச் செருப்பு போட்ட கால். அவளை யாரும் மிரட்டியிருக்கவில்லை. யாரும் ஏமாற்றியிருக்கவில்லை. அவள் யாரையும் திட்டியும் இருக்கவில்லை, பெற்றவர்களையும்கூட. அக்கா பயந்தது அதில் இல்லை. சார் தேடியதும் இல்லை.

எல்லாம் பார்த்து முடித்தபின் அவர் கடிகாரப் படத்தின் மேல் அம்பை வைத்து அழுத்தினார். அலாரங்கள் வந்தன. விடிகாலைக்கு ஒன்று. மாலை ஏழு மணிக்கு ஒன்று. அதன் பக்கத்தில் 'அய்யாவுக்கு போன்' என்று எழுதியிருந்தாள். அந்த அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சார் அம்பை அந்த எழுத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். "என்கிட்டப் பேசுறதுக்கு அவளுக்கு அலாரம் வேண்டியிருந்திருக்கு" என்றார்.

"மறந்துரக் கூடாதுன்னு வச்சிருப்பா சார்."

"பெறகு ஏன் அணைச்சா? எப்ப அணைச்சா?"

எப்போது அணைத்தாள் என்று கைபேசி சொல்லாது. பழக்கமாகிவிட்டால் அலாரம் தேவைப்படாது, அதனால் அணைத்திருப்பாள் என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். கடைசி நாள்வரை அவள் தவறாமல் பேசினாளே. அவர் அதைக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அதன்பின் அவர் தேடியது ஒரே ஒரு நாளை. அவள் எந்த நாளில் அதை அணைத்தாள், அன்றைக்குத் தான் போனில் என்ன சொன்னோம் என்று ஒவ்வொரு பேச்சாக நினைவிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தார். கட்டணம் கட்டத் தாமதமானதைச் சொன்னேனா, மதிப்பெண் குறைந்ததைக் கேட்டேனா, அவள் பேசும்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று என்னிடமே கேட்பார். பூட்டியிருந்தபோது அவரிடம் இருந்த கொஞ்ச பலமும் திறந்தபின் போய்விட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினார். அவ்வளவுதான்.

கடைசியாக அவர் பள்ளிக்கு வந்தது போன மாதம். மவுஸையும் இணைப்பானையும் ஒரு பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஸ்கூல் சாமான். எங்கிட்ட இருக்கக் கூடாது" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "நல்ல புள்ள டீச்சர். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்று சொன்னார். அந்தக் குரல் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அக்காவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். "ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பள்ளி விட்டதும் அந்த வீட்டுப் பக்கம் போய்விட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். நேற்றுப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். கொல்லையிலிருந்து "வாரேன், வாரேன்" என்று அக்காவின் குரல் வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் குரல் வரும்வரை நான் கதவில் கை வைத்து நின்ற நேரம் இருக்கிறதே, முத்துக்கருப்பன் சார் எனக்கென்று விட்டுப்போனது அதுதான். தட்டும் ஒவ்வொரு கதவின் முன்னாலும் இனி அந்தப் பயம் என்னோடு நிற்கும்.