சீயக்காய் ஸ்லைடும் மேலேறிய ரவிக்கையும்

1. கண்ணாடியில் குளித்தவள்

பொம்பளைகள் மனு கொடுத்திருக்கிறார்கள், சாயந்திரம் தாசில்தார் வருகிறார் என்று முதலாளி வந்து சொன்னபோது, என் கையில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில்தான். பயத்தில் அவளைக் கீழே போடாமல் இருந்தது அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அறுபதுகளில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டோரம் எங்கள் டூரிங் சினிமாக் கொட்டகை இருந்தது. படத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் கடைக்காரர்களின் விளம்பர ஸ்லைடு ஓடும். அதை வரைவது என் வேலை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் கிராமபோன் ஊசியால் கீறி எழுத்தும் உருவமும் எடுக்க வேண்டும். கீறின இடத்தில் வெளிச்சம் போகும். அதன்மேல் கலர் மை தடவி, இன்னொரு கண்ணாடியை வைத்து மூடி, ஓரத்தில் காகித டேப் ஒட்டினால் ஸ்லைடு ரெடி. இதைச் செய்துவிட்டு என்னை நானே 'ஆர்ட்டிஸ்ட் ஏழுமலை' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

அவலூர்பேட்டையில் சீயக்காய்த்தூள் வியாபாரம் செய்த முனுசாமி ஒருநாள் வந்தார்.

"இன்னாப்பா, எல்லார் ஸ்லைடும் போட்டது போட்டபடி கம்பமாட்டம் நிக்குது. என்னுது அசையணும். ஒரு பொம்பள தல முழுகணும்."

அசைய வைக்கலாம் என்று சொன்னவர் ஆபரேட்டர் யாகப்பன் அண்ணன். படம் காட்டுகிற மெஷினில் ஸ்லைடு வைக்கும் மரச்சட்டத்தில் இரண்டு ஓட்டை. இடது பக்கம் தள்ளினால் ஒன்று தெரியும், வலது பக்கம் தள்ளினால் இன்னொன்று. தெரியாத ஓட்டையில் அடுத்ததைச் சொருகி வேகமாகத் தள்ளிக்கொண்டே போனால், பொம்மை அசைகிற மாதிரியே இருக்கும். நான் நாலு ஸ்லைடு வரைந்தேன். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டின பெண். கூந்தலை அவிழ்க்கிறாள், சீயக்காய் தேய்க்கிறாள், சொம்பால் ஊற்றுகிறாள், முறுக்கிப் பிழிகிறாள். கண் இறுக்க மூடியிருக்கும். அதற்குக் காரணம் கலை இல்லை. அந்தச் சைசில் கண்மணி கீற எனக்கு வராது.

முதல் நாள் கொட்டகையே வாயைப் பிளந்தது. ஆனால் ஒரு மாசம் கழித்து முனுசாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"பாக்குதுங்க. ஆனா விசில் வரலியே. கடைசி ஸ்லைடுல கண்ணத் தெற. ஆம்பளைங்க பக்கமா பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கட்டும். துணி இன்னும் கொஞ்சம் ஒட்டட்டும், இன்னா?"

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நாலு கண்ணாடியைப் பாழாக்கி, இரண்டு கண் கீறினேன். அன்று சாயந்திரம் விசில் சத்தத்தில் கூரைக் கீற்றே அதிர்ந்தது. நான் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தேன். யாகப்பன் அண்ணன் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "நேத்து வரைக்கும் அவ குளிச்சா. இன்னிக்கி கடை வெச்சிட்டா."

"கலைன்னா அப்டித்தான்ணே. கோயில் தூண்ல பாருங்க, கல்லுல இல்லாததா?"

"கல்லு சீயக்காய் விக்கலயேடா."

நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

2. ரவிக்கை

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த மனு. முதலாளிக்குத் தெரிந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வழியில் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: அனந்தபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றிலிருந்து சூசையம்மா டீச்சர் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு வந்து, கொட்டகையைப் பற்றி மனு கொடுத்திருக்கிறார், தாசில்தார் நேரில் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாசம் அது. டீச்சர் வாய் திறந்தால் ஊரே கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பெண்கள் மனு, எங்களிடம் குளிக்கிற பெண். கணக்கு சரியாக வந்தது.

"லைசன்ஸ் போச்சுன்னா கொட்டாயப் பிரிச்சி மாட்டு வண்டியில ஏத்த வேண்டியதுதான். இங்க பதினோரு பேர் சோறு திங்கறான், தெரியுமில்ல?" என்றார் முதலாளி.

"ஸ்லைட எடுத்துடலாம் மொதலாளி."

"எடுத்தா ஒளிச்சிட்டான்னு ஆவும். எங்க அந்த ஸ்லைடுன்னு கேப்பாங்க. நீ இன்னா பண்ற, அவளுக்கு ஒரு ரவிக்கை போடு."

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. அதில் முக்கால் மணி நேரம் நான் பயப்படுவதற்கே செலவழித்தேன். ஜெயிலில் ஆர்ட்டிஸ்டுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று யோசித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்களாம், யாகப்பன் அண்ணன் ஆறுதலாகச் சொன்னார். மிச்சம் கால் மணியில், சிரிக்கிற அந்த நாலாவது ஸ்லைடின் மேல் கண்ணாடியைப் பிரித்தேன். கலர் மை தீர்ந்துபோயிருந்தது. போர்டு எழுதுகிற சிவப்பு எனாமல் கிடைத்தது. அதைக் குழைத்து, கழுத்து வரை ஏற்றி, முழங்கை வரை இறக்கி, எந்தப் பாட்டிக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு ரவிக்கை போட்டேன். காய நேரமில்லை. மேல் கண்ணாடியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று வைக்காமலேயே மெஷின் ரூமுக்குக் கொடுத்துவிட்டேன்.

3. மெஷின் சூடு

தாசில்தார் முன்னால் நாற்காலியில். பெண்கள் பக்கம், இடுப்புயரத் தடுப்புச் சுவருக்கு அந்தப் புறம், டீச்சரும் அவர் கூட்டமும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூண் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி.

மூன்று ஸ்லைடு ஒழுங்காக ஓடியது. நாலாவது வந்தது. ரவிக்கை கறுப்பாக இருந்தது. வெளிச்சம் போகாத பெயிண்ட் எந்தக் கலரானாலும் திரையில் கறுப்புதான். ஆறு வருஷம் ஸ்லைடு வரைந்தவனுக்கு இது தெரியும். பயந்தவனுக்குத் தெரியவில்லை.

"இரு. அத அப்படியே நிறுத்தி வை," என்றார் தாசில்தார்.

எங்கள் மெஷினில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற சூட்டில், ஒரு ஸ்லைடை நாலு எண்ணுவதற்குள் மாற்றியாக வேண்டும். யாகப்பன் அண்ணன் என்ன செய்வார், தாசில்தார் உத்தரவு. நிறுத்தி வைத்தார். எனாமல் இளகியது. ரவிக்கை அசைந்தது.

ஸ்லைடை மெஷினில் தலைகீழாகத்தான் வைப்போம். அப்போதுதான் திரையில் நேராக விழும். அதனால் கண்ணாடியில் கீழே வடிகிற பெயிண்ட் திரையில் மேலே ஏறும். இதையும் நான் மறந்திருந்தேன். ரவிக்கை மெதுவாகக் கிளம்பி, கழுத்தைத் தாண்டி, தாடையில் ஏறி, சிரிப்பை மூடி, நான் ஒரு மத்தியானம் முழுக்கக் கீறின இரண்டு கண்ணையும் மூடி, நெற்றியில் போய் நின்றது. கீழே நனைந்த துணியும் உடம்பும் அப்படியே. தலை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு.

விசிலடிக்கிறவர்கள் வாயில் வைத்த விரலை எடுத்துவிட்டார்கள். தரை டிக்கெட்டிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "மூஞ்சி எங்கடா?"

அப்புறம் கண்ணாடி விரிசல் விட்டது. யாகப்பன் அண்ணன் இழுத்துவிட்டார். விளக்கு எரிந்தது.

"யாருய்யா வரைஞ்சது?" என்றார் தாசில்தார்.

தூணை விட்டுவிட்டு வந்தேன். "ஐயா, அது வந்து... கலைங்க."

"இது கலையா?" என்று கேட்டுவிட்டு தாசில்தார் தடுப்புச் சுவர்ப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க மனுவுல இது இல்லயே?"

"இல்லீங்க ஐயா," என்றார் டீச்சர். "எங்க மனு கக்கூசுக்கு. ஆம்பளைங்களுக்கு தட்டி வெச்சி மறைச்சிருக்குது. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, ரோட்டப் பாத்த மாதிரி கெடக்குது. சினிமாவுக்கு வர்ற அன்னிக்கி மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்காம வர்றோம்."

முதலாளி உட்கார்ந்தேவிட்டார், கீழே பெஞ்சு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல். நான் சிரித்தும்விட்டேன். அதுதான் தப்பு.

"சிரிக்கிறியா தம்பி? ஐயா கேட்டதால சொல்றேன், இங்க வா," என்றார் டீச்சர். "மொத மாசம் போட்டியே, அது நல்லா இருந்துச்சி. அவ பாட்டுக்கு முழுகினா. எங்க பக்கத்துல ஒருத்தியும் தலையக் குனியல. குளிக்கிறது இன்னா குத்தமா? அப்புறம் கண்ணத் தெறந்து வெச்சிட்ட. கண்ணுல சீயக்காய் வழியறப்ப எந்தப் பொம்பளடா சிரிப்பா? நீ தல முழுகினதே இல்லயா?"

பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, விசிலெல்லாம் அதன் கால் தூசு.

"இப்ப மூஞ்சிய மூடிட்ட. அதே துணி, அதே ஒடம்பு. முழுகினப்ப அவ ஒரு ஆளு. சிரிச்சப்ப அவ சரக்கு. இப்ப அவ யாரும் இல்ல. இதான் அசிங்கம்."

தாசில்தார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம், "ரெண்டு நாள்ல தட்டி வரணும். வந்தா லைசன்சுக்கு ஒண்ணும் இல்ல," என்று முதலாளியிடம் சொன்னார். என்னிடம், "இனிமே யாராவது ரவிக்கை கேட்டா தையக்காரன்கிட்ட அனுப்பு," என்றார்.

4. திரும்பக் கீறியது

தட்டியை அடுத்த நாள் காலையிலேயே நானும் யாகப்பன் அண்ணனும் கட்டினோம். ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் சேர்த்து. லைசன்ஸ் வந்தது.

நாலாவது ஸ்லைடைத் திரும்ப வரைந்தேன். இந்தத் தடவை வரைவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். என் தலையிலேயே சீயக்காயைக் கரைத்து ஊற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணை மூடினால் கண்ணாடி தெரியவில்லை, திறந்தால் எரிச்சலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையால் தடவிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: சுருங்குவது கண் மட்டும் இல்லை. புருவம் நெரியும், மூக்கு சுருங்கும், உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அதையெல்லாம் கீறினேன். பாவாடை நனைந்து ஒட்டித்தான் இருந்தது. அதை நான் குறைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் துணி ஒட்டத்தான் செய்யும்.

முனுசாமி பார்த்துவிட்டு, "அழகா இருக்குது, ஆனா விசிலு போச்சே," என்றார்.

துணி எவ்வளவு என்று அளந்து இது கலை, இது ஆபாசம் என்று சொல்கிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு தடவை எனாமலால் அளந்தவன்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவே: நீங்கள் வரைகிற பெண் அந்தப் படத்தில் அவளுக்காக ஏதாவது செய்துகொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம்.

புது ஸ்லைடு ஓடின முதல் நாள் நான் பெண்கள் பக்கத் தடுப்புச் சுவரோரம் போய் நின்றேன். நாலாவது வந்தது. ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"பாவம்டி, நல்லா எரியுது போல அவளுக்கு. யாராவது ஒரு சொம்பு தண்ணி மோந்து ஊத்துங்களேன்."